வாடகைக்கு எடுத்த மிஷின் பழுதானால்: கடைக்காரர் கேட்கும் பணத்தைக் கொடுப்பதற்கு முன்

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரில் ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. எங்கள் தெருவில் வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை, கரண்ட்தான் இல்லை. மேல்தொட்டி காலியாகிவிட்டது. ஃப்ரிட்ஜில் அம்மாவின் இன்சுலின். வேறு வழியில்லாமல் புதுச்சேரிப் பக்கம் ஒரு வாடகைக் கடையில் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, நாளுக்கு 1,800 என்று பேசி, 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்றைக் குட்டியானையில் ஏற்றி வந்தேன்.

இரண்டாம் இரவு பல்புகள் திடீரென்று பிரகாசமாகி, அப்புறம் மங்கின. கருகல் வாடை வந்தது. இன்ஜின் ஓடியது, கரண்ட் வரவில்லை. மறுநாள் திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஓவர்லோடு குடுத்துட்டீங்க சார், காயில் போச்சு. 21,500 ஆகும். அட்வான்ஸ் போக மீதி 11,500 குடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஆறு வாரம் கழித்து எனக்கு 9,400 ரூபாய் திரும்பி வந்தது. பிடித்த 600, நாங்கள் தொலைத்த பெட்ரோல் டேங்க் மூடிக்கு. அது நான் கொடுக்க வேண்டிய பணம், கொடுத்தேன். மீதியை நான் ஏன் கொடுக்க வேண்டியதில்லை, அதை எப்படி நிரூபித்தேன் என்பதை, இதே நிலையில் நிற்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். ஜெனரேட்டர் மட்டுமில்லை; கலவை மிஷின், கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர், டீசல் மோட்டார், பவர் டில்லர், புதுச்சேரியில் சுற்றிப் பார்க்க எடுக்கும் ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கையில் கெட்டதா, கையால் கெட்டதா

வாடகைத் தகராறு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது. கடைக்காரர் "உங்க கையில இருந்தப்பதான் கெட்டுச்சு" என்பார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் உங்கள் கையில் இருந்தபோது கெட்டது வேறு, உங்கள் கையால் கெட்டது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதற்குப் பணம் கேட்கிறார்கள். நாமும் குற்ற உணர்ச்சியில் பேரம் பேச ஆரம்பித்துவிடுகிறோம். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க அண்ணே" என்று வாய் திறந்த கணமே தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். காரணம் தெரிகிற வரை தொகையைப் பற்றிப் பேசாதீர்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் தன் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்குத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. 151ஆம் பிரிவின்படி, சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ அதே கவனத்தோடு நீங்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் பொருள் கெட்டுப்போனால், வேறு தனி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் நீங்கள் பொறுப்பில்லை என்கிறது 152. நம் பக்கம் மிகவும் பலமானது 150ஆம் பிரிவு. வாடகைக்குக் கொடுத்த பொருளில் ஏற்கெனவே குறை இருந்து அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தால், அந்தக் குறை உரிமையாளருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் அவர்தான் பொறுப்பு. "எனக்கே தெரியாது சார்" என்பது வாடகைக்கு விடுபவருக்குச் சாக்கு ஆகாது.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கல் உண்டு. பொருள் உங்களிடம் இருந்தபோது கெட்டிருந்தால், கவனமாகத்தான் வைத்திருந்தேன் என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் சாட்சியம் இல்லாமல் பிரிவு எண்ணை மட்டும் சொல்லிப் பயனில்லை. இன்னொன்று, பேசிய வேலையைத் தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்தினாலோ, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கைமாற்றிவிட்டாலோ, 154ஆம் பிரிவின்படி அந்த நேரத்தில் வந்த சேதம் உங்களுடையது. அவசரத்துக்கு உதவுகிறோம் என்று நம் ஊரில் இதைத்தான் முதலில் செய்வோம். வாடகை மிஷினில் மட்டும் வேண்டாம்.

மிஷின் நின்றவுடன்

மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பதும், தெருவில் போகிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றுவதும், உங்கள் பக்கம் இருந்த நியாயத்தைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிடும். "நீங்க கழட்டிட்டீங்க" என்று ஒரு வார்த்தை போதும் அவருக்கு.

முதலில் போனில் ஒரு வீடியோ எடுங்கள். மிஷின் இருக்கும் இடம், தரை காய்ந்திருக்கிறதா, அதில் இணைத்திருந்த சாமான்கள், ஒயர், பேனலில் இருக்கும் எண்கள், ஓடிய மணி காட்டும் மீட்டர் இருந்தால் அது. ஆயில் குச்சியை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் எந்த அளவில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். வீடியோவில் வாயால் தேதியும் நேரமும் சொல்லுங்கள்.

அடுத்து கடைக்காரருக்குப் போன் செய்யுங்கள், உடனே அதையே வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். "இன்று இரவு 9.40க்கு ஜெனரேட்டரில் கரண்ட் வருவது நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது. ஆயில் சரியான அளவில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவை ஃப்ரிட்ஜ், 4 ஃபேன், விளக்குகள். நாங்கள் எதையும் திறக்கவில்லை. ஆள் அனுப்புங்கள், அல்லது வேறு செட் கொடுங்கள்." இவ்வளவு போதும். இந்தச் செய்திதான் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். வாடகை எந்த நேரத்தோடு நிற்க வேண்டும் என்பதற்கும் இதுவே கணக்கு.

எனக்குக் கை கொடுத்தது இன்னொரு செய்தி. வாடகைக்கு எடுப்பதற்கு முன், "1 ஹெச்.பி. மோட்டார் ஓடுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். "தாராளமா ஓடும் சார், ரெண்டு மோட்டாரே ஓடும்" என்று குரல் பதிவில் பதில் வந்திருந்தது. அதை நான் அழிக்கவில்லை. நீங்களும் எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைவிட அசல் போனுக்கு மதிப்பு அதிகம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளோடு ஒரு சான்றிதழ் இணைக்கச் சொல்கிறது. வழக்கு என்று போனால் அது தேவைப்படலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது

பதற்றத்தில் தவறு நடப்பது இங்கேதான். தனியாகப் போகாதீர்கள். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள்: தேதி, நேரம், மிஷின் எண், வெளிப்புறச் சேதம் இருக்கிறதா இல்லையா. கடைக்காரர் எழுதித் தரவில்லை என்றால், அவர் முன்னாலேயே மிஷினைப் படம் எடுத்து அவருக்கே அனுப்பி, "இன்று காலை 11 மணிக்கு ஒப்படைத்தேன்" என்று எழுதிவிடுங்கள்.

"சேதத்துக்கு நான் பொறுப்பு" என்று எழுதிய சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால்தான் விடுவேன் என்று நிறுத்திவைத்தால், கையெழுத்துக்கு மேலே "பழுதுக்கான காரணத்தை ஏற்கவில்லை, ஒப்படைத்ததற்கு மட்டும்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அங்கேயே பணம் கட்ட நேர்ந்தால், யு.பி.ஐ.யில் கட்டும்போது குறிப்பில் "ஆட்சேபத்துடன்" என்று போடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

கடையில் நின்று நான் கேட்டவை நான்கு. என்ன பழுது என்று எழுதிக் கொடுங்கள். மெக்கானிக் பிரிக்கும்போது நானும் இருக்க வேண்டும். மாற்றும் பழைய பாகம் என்னிடம் வர வேண்டும். வேலை செய்த இடத்தின் பில்லும் பாகம் வாங்கிய பில்லும் வேண்டும். நியாயமாக நடப்பவர் இதில் எதையும் மறுக்க மாட்டார். என் கடைக்காரர் நான்கையும் மறுத்தார். அப்போதே எனக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பணம் மிச்சமாவது இங்கேதான். மிஷின் எப்படிக் கெட்டது என்பதற்கு அதன் உடம்பிலேயே தடயம் இருக்கும்.

ஜெனரேட்டரில் முதலில் லோடு கணக்கு. 5 கே.வி.ஏ. செட்டை 0.8 பவர் ஃபேக்டரில் (கே.வி.ஏ.வை வாட்டாக மாற்றும் விகிதம்) வைத்தால் 4,000 வாட். என் வீட்டில் ஃப்ரிட்ஜ், நான்கு ஃபேன், விளக்குகள், 1 ஹெச்.பி. மோட்டார் எல்லாம் சேர்த்து ஓடினாலும் 2,000 வாட் தாண்டாது. கடைக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். ஆனால் ஓடும் என்று அவர்தான் சொன்னார், அதோடு செட் நின்ற நேரத்தில் மோட்டார் ஓடவே இல்லை.

அப்புறம் ஏ.வி.ஆர். வெளியே வரும் வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் சின்னப் பெட்டி அது. கெட்டால் வோல்ட்டேஜ் ஏறும், இறங்கும், அல்லது கரண்டே வராது. எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். வாதாடி வாதாடி, கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு மெக்கானிக்கிடம் செட்டைப் பிரித்தோம். காயில் நல்ல நிலையில் இருந்தது, மீட்டர் வைத்து அளந்து காட்டினார். ஏ.வி.ஆர். மட்டும் கருகியிருந்தது. அதுவும் முன்பே ஒருமுறை மாற்றிய லோக்கல் சாமான்; ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப்பில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கு இரண்டு நாளில் வரக்கூடியது இல்லை. 9,000 ரூபாய் ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது) என்று கடைக்காரர் பின்னால் எழுதிக் கொடுத்த பில்லில் இருந்ததே, அந்தக் காயிலை யாரும் தொடவே இல்லை.

இன்ஜின் சுழலாமல் இறுகிப் பிடித்துக்கொண்டால் ஆயிலைப் பாருங்கள். சிறிய பெட்ரோல் செட்டுகளில் பொதுவாக 100 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். தார் மாதிரிக் கறுத்துத் துகளோடு இருந்தால் அது கடையின் கவனக்குறைவு. ஏர் ஃபில்டரும் அப்படித்தான், தூசி அடைத்துப் போயிருந்தால் அது ஒரே வாரத்தில் வந்த தூசியா என்று பார்த்தாலே தெரியும். ஆனால் ஆயில் குறைந்ததைப் பார்த்தும் ஓட்டியிருந்தால், அல்லது டீசல் இன்ஜினில் பெட்ரோல் ஊற்றியிருந்தால், பழி உங்கள் மேல்தான்.

கலவை மிஷினில் பல்சக்கரத்தின் பற்கள் மெலிந்து கூராகி உடைந்தால், பெல்ட் நைந்து அறுந்தால், அது தேய்மானம். டிரம்முக்குள் கலவை காய்ந்து கட்டியானால், கழுவாமல் விட்ட நம் ஆட்களின் வேலை. பிரேக்கர், டைல்ஸ் கட்டர் போன்றவற்றில் கார்பன் பிரஷ் தேய்ந்து நின்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், அது தேய்வதற்காகவே உள்ள பாகம். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் காயில் பாகம்) கருகியிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரை நாற்பது மீட்டர் இழுத்து ஓட்டியிருந்தால் வோல்ட்டேஜ் குறைந்து மோட்டார் சூடாகும்; அது நம் பக்கத்துத் தவறு.

மூன்று ஃபேஸ் மோட்டார் கருகினால் காயிலைப் படம் எடுக்காமல் ரீவைண்டிங்குக்கு விடாதீர்கள். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஓவர்லோடு. சில காயில்கள் மட்டும் கருகி மற்றவை பளிச்சென்று இருந்தால், ஒரு ஃபேஸ் போய் மீதியில் ஓடியிருக்கிறது. குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பக்கம் விவசாயிகள் இதை நன்றாக அறிவார்கள். அதைத் தடுக்கும் கருவியை ஸ்டார்ட்டரில் வைத்துக் கொடுத்தாரா என்று கடைக்காரரைக் கேளுங்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் சீல் எரிந்திருந்தால், தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று பொருள். பக்கத்தில் ஆள் இல்லாமல் விட்டிருந்தால் மறுத்துப் பேசுவது கடினம்.

ஸ்கூட்டரில் பஞ்சர், உடைந்த கண்ணாடி, விழுந்த கீறல் ஆகியவை எடுத்தவர் கணக்கு. பேட்டரி, பெல்ட், கிளட்ச் தேய்மானம் ஆகியவை கடைக் கணக்கு. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைத் தகட்டு வண்டியை வாடகைக்கு விட்டிருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். அப்படி வாடகைக்கு விடுவதே விதிமீறல் என்பதால், அவர் பேச்சில் சட்டென்று பணிவு வரும்.

நடுநிலையான மெக்கானிக்கிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: பார்த்த தேதி, மிஷின் எண், என்ன கெட்டிருக்கிறது, அவர் கருத்தில் ஏன் கெட்டது, கையெழுத்து. கூலி கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தது 500 ரூபாய், இந்தத் தகராறில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான்.

பில்லைப் பிரித்துப் பார்ப்பது

மொத்தத் தொகையாகச் சொன்னால் ஏற்காதீர்கள், வரி வரியாகக் கேளுங்கள். எனக்கு வந்தது இப்படி இருந்தது: ஏ.வி.ஆர். 3,500, ரீவைண்டிங் 9,000, லேபர் 2,000, வண்டிக் கூலி 1,000, மூன்று நாள் வாடகை இழப்பு 6,000. வாடகை நாளுக்கு 1,800, இழப்பு மட்டும் நாளுக்கு 2,000! எழுத வைத்ததால்தான் அது கண்ணில் பட்டது.

உங்கள் தவறே என்றாலும், கேட்பதெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவு உண்மையில் ஏற்பட்ட இழப்பைத்தான் ஈடு செய்யச் சொல்கிறது. சீட்டில் "பழுதானால் 25,000 அபராதம்" என்று அச்சடித்திருந்தாலும், 74ஆம் பிரிவின்படி அது மேல் வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈட்டைத்தான் பெற முடியும்.

பழைய மிஷினுக்குப் புது மிஷின் விலை கேட்பது இன்னொரு வழக்கம். வருமான வரிக் கணக்கில் இயந்திரங்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார்கள். 60,000 ரூபாய்க்கு வாங்கிய மிஷின் நான்கு ஆண்டு கழித்து அந்தக் கணக்கில் சுமார் 31,300தான். வழக்கு போனால் நுகர்வோர் ஆணையம் இதே சதவீதத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை, ஆனால் பேச ஒரு அளவுகோல் கிடைக்கிறது. மிஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரே சேதத்துக்கு அங்கேயும் வாங்கி உங்களிடமும் வாங்குவது நியாயமில்லை.

பில்லில் ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு எண் 33 என்றும் புதுச்சேரி எண் 34 என்றும் தொடங்கும். எண் இல்லாமல் வரி வாங்குவது பெரிய தப்பு. பில்லே தர மறுப்பதும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொல்லப்பட்ட செயல்களில் ஒன்று.

கடிதம்

வக்கீல் இல்லாமலே நீங்கள் அனுப்பலாம். கோபம் வேண்டாம், தேதியும் தொகையும் போதும். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, 3.12.2024 அன்று தங்கள் கடையில் 10,000 ரூபாய் முன்பணம் செலுத்தி 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குப் பெற்றேன். 4.12.2024 இரவு 9.40 மணிக்கு அது செயலிழந்தது. அன்றிரவே தங்களுக்கு வாட்ஸ்அப் மூலம் தெரிவித்தேன். இருவரும் ஏற்ற மெக்கானிக் பரிசோதித்ததில், முன்பே மாற்றப்பட்ட ஏ.வி.ஆர். பழுதடைந்ததே காரணம் என்றும் காயிலில் பழுது இல்லை என்றும் எழுதிக் கொடுத்துள்ளார். இணைப்பில் காண்க. தாங்கள் அனுமதித்த லோடை மீறி நான் பயன்படுத்தவில்லை. எனவே இந்திய ஒப்பந்தச் சட்டம் 150, 152 பிரிவுகளின்படி இப்பழுதுக்கு நான் பொறுப்பல்ல. டேங்க் மூடிக்கு 600 ரூபாய் கழித்துக்கொண்டு, மீதி 9,400 ரூபாயை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டுகிறேன். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

உங்கள் தவறு எதுவோ அதைக் கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அந்த 600 ரூபாய் வரிதான் என் மற்ற வரிகளை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து, சேர்ந்ததற்கான அத்தாட்சியும் கேட்டு அனுப்புங்கள்.

எனக்கு இந்தக் கடிதத்தோடு முடிந்தது. பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது.

கடிதத்துக்கும் அசையவில்லை என்றால்

1915 தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் பதிவு செய்தால் ஒரு எண் கொடுப்பார்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, சமரசம்தான் செய்வார்கள்.

அடுத்து மக்கள் நீதிமன்றம். கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, புதுச்சேரிக்கு அதன் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம். வழக்குப் போடுவதற்கு முந்தைய மனுவாகவே கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு. ஆனால் ஆகிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

அதுவும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் இல்லை. 3 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும். அதற்குத் தயாராகப் போங்கள்.

நம் பகுதிக்கென்று ஒரு விஷயம். வீடு கடலூரிலும் கடை புதுச்சேரியிலும் இருப்பது இங்கே சர்வசாதாரணம், முள்ளோடை தாண்டினால் வேறு அரசு. 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனுக் கொடுக்க வழி செய்திருக்கிறது. அதனால் கடலூர்க்காரர் கடலூர் ஆணையத்திலும், பாகூர்க்காரர் புதுச்சேரி ஆணையத்திலும் கொடுக்கலாம். சீட்டின் அடியில் "புதுச்சேரி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்.

மனுவில் எப்படி எழுதுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதாடும் மனுக்கள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியவை. மாவட்டத்தில் "சேவைக் குறைபாடு", "நியாயமற்ற வணிக நடைமுறை" என்ற தலைப்பில் எழுதுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கு எடுத்தவருக்கு இந்தக் கதவு நேராகத் திறக்கும். பெரிய கட்டட கான்ட்ராக்டர் வியாபாரத்துக்காக எடுத்தால் அவர் நுகர்வோர் ஆக மாட்டார். சிவில் கோர்ட்டோ மக்கள் நீதிமன்றமோதான் வழி, பண வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம். தன் கையால் வேலை செய்து பிழைக்கும் மேஸ்திரியின் நிலை இரண்டுக்கும் நடுவில். சுயதொழிலுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அது வாங்கிய பொருளைப் பற்றிப் பேசுகிறது என்று எதிர்த்தரப்பு வாதம் செய்யும். மேஸ்திரிகள் முதலில் மக்கள் நீதிமன்றத்துக்குப் போவது நல்லது என்பது என் எண்ணம்.

மிரட்டல் வந்தால்

"போலீஸ்ல சொல்றேன்" என்பார்கள். மிஷினைத் திருப்பி ஒப்படைத்த பிறகு பழுதுக்கு யார் பணம் தருவது என்பது சிவில் தகராறு. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் போங்கள், ஒப்படைத்த அத்தாட்சியைக் காட்டுங்கள், அங்கே பணம் தருவதாக எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அசல் ஆதாரையோ லைசென்ஸையோ பிடித்து வைத்திருந்தால், திருப்பித் தரும்படி கடிதத்தில் தனி வரியாகக் கேளுங்கள். வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அசட்டையாக இருக்காதீர்கள். வங்கியில் நிறுத்தச் சொன்னாலும், அவர் போட்டுத் திரும்பினால், காசோலைகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு நோட்டீஸ் வரலாம். வந்தால் அதில் பணம் கட்டத் தரும் 15 நாளுக்குள், இந்தத் தொகை நான் தர வேண்டியதே இல்லை என்று காரணங்களோடு வக்கீல் மூலம் பதில் போய்விட வேண்டும். இந்த ஒரு இடத்தில் வக்கீல் செலவைப் பார்க்காதீர்கள்.

அடுத்த முறை எடுக்கும்போது

கடையிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுங்கள். சுற்றிலும் ஒரு வீடியோ, ஆயில் குச்சியோடு. எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள், என்ன லோடு என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, ஓடும் என்ற பதிலை வாங்குங்கள். சீட்டில் "எந்தப் பழுதானாலும் எடுத்தவர் பொறுப்பு" என்று இருந்தால், அது 152 சொல்லும் அந்தத் தனி ஒப்பந்தமாகிவிடும். அந்த வரியை அடித்து, "தவறான பயன்பாட்டால் வரும் பழுதுக்கு மட்டும்" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். புயல் நேரத்தில் வேறு கடை கிடைக்காது, எனக்கும் கிடைக்கவில்லை. அப்போது மழை ஓய்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் வீடியோவையாவது எடுத்துவிடுங்கள்.

பணம் திரும்பி வரும் நாளில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. கொடுத்த காசோலை, அடையாள அட்டை நகல், கையெழுத்திட்ட சீட்டு எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். கடைக்காரரின் பில் தாளில் "கணக்கு முடிந்தது, பாக்கி இல்லை" என்று தேதியோடு ஒரு வரி எழுதி முத்திரை வாங்கி, அதையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.